விபாசனா பத்து நாள் முகாம்: ஒரு வரி ஆலோசகரின் மதிப்பீடு

மன அமைதி வேண்டும் என்ற ஒரே காரணத்துக்காகப் போகிறவர்களுக்கு, விபாசனா என்ற பௌத்த தியான முறையைக் கற்றுக்கொடுக்கும் இந்த மௌன முகாமை நான் பரிந்துரைக்க மாட்டேன். முதல் சில நாட்களில் அங்கே அமைதியைத் தவிர மற்ற எல்லாம் கிடைக்கும். முழங்கால் வலி கிடைக்கும், இடுப்பு வலி கிடைக்கும், என் கல்யாணத்தன்று சாப்பாட்டுப் பந்தியில் யார் யாரிடம் என்ன சொன்னார்கள் என்ற பழைய வழக்கெல்லாம் மறுவிசாரணைக்கு வரும். வெளியே இலை விழுந்தால் கேட்கும். உள்ளே மாலை ஆறு மணிக் கரூர் பஸ் நிலையம். அதையும் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். வேறொன்று கிடைக்கிறது, அதற்காகப் போகலாம் என்பதுதான் என் தீர்ப்பு. அது என்ன என்பதைக் கடைசி வரை ஒளித்துவைக்கப் போவதில்லை: உடம்பில் கோபம் ஏறுவதற்கும் வாயில் சொல் வருவதற்கும் நடுவில் ஒரு சின்ன இடைவெளி. அவ்வளவுதான். என் தொழிலில் அது சிறிய லாபமல்ல.

நான் கரூரில் வரி ஆலோசனை அலுவலகம் நடத்துகிறேன். ஜவுளி ஏற்றுமதிக்காரர்கள், கொசுவலைக்காரர்கள், பஸ் கூண்டு கட்டுகிறவர்கள் என்று என் வாடிக்கையாளர்கள். எல்லாருக்கும் மாதத்தின் பதினோராம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1, இருபதாம் தேதிக்குள் 3பி என்று இரண்டு ஜிஎஸ்டி கணக்குப் படிவங்களைத் தாக்கல் செய்ய வேண்டும். எல்லாரும் பில்களைப் பத்தாம் தேதி இரவும் பத்தொன்பதாம் தேதி இரவும்தான் அனுப்புவார்கள். இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எழுதிக் கொடுத்த மருத்துவர், "கொஞ்சம் மனதை அமைதியாக வைத்துக்கொள்ளுங்கள் அம்மா" என்றார், ஏதோ மேசை மேல் இருக்கும் பொருளை நகர்த்தி வைக்கச் சொல்வதுபோல.

மகள் என் கைப்பேசியில் ஒரு தியானச் செயலியை ஏற்றிக் கொடுத்தாள். மழைச் சத்தம், கண் மூடிய புத்தர், மென்மையான குரலில் ஓர் அம்மையார். மூச்சைக் கவனியுங்கள் என்பார். கவனித்துக்கொண்டிருக்கும்போதே அதே கைப்பேசியில் வாட்ஸ்அப் வரும்: "மேடம், போர்ட்டல் ஓப்பன் ஆகவில்லை." இரவு பத்து மணிக்கு, "இன்று நீங்கள் தியானம் செய்யவில்லை" என்று அந்தச் செயலியே ஒரு நோட்டீஸ் விடும். நோட்டீஸ்களுக்குப் பதில் எழுதியே பிழைக்கிறவளுக்கு இன்னொரு நோட்டீஸ். ஓராண்டு முடிந்ததும் ஒரு வார்த்தை கேட்காமல் அடுத்த ஆண்டுச் சந்தாவை வங்கிக் கணக்கிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். அந்தச் செயலியின் பெயரை இங்கே சொல்லப் போவதில்லை. இந்த வகைச் செயலிகள் எல்லாமே ஏறக்குறைய இப்படித்தான் என்று கேள்வி. எந்தக் கருவி கவனத்தைச் சிதறடிக்கிறதோ அதே கருவி கவனத்தையும் விற்கிறது. இதில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது.

விபாசனாவை நான் தேர்ந்தெடுத்ததற்கு ஆன்மிகக் காரணம் எதுவும் இல்லை. இந்த முறையை நம் காலத்துக்கு வகுத்துக் கொடுத்தவர் ஒரு கணக்கர் என்று தெரிந்ததுதான் காரணம். ஊ பா கின் என்பவர் பர்மாவின் கணக்கு அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்து, 1948இல் நாடு விடுதலை பெற்றபோது அதன் தலைமைக் கணக்காயர் ஆனவர். ஒரே சமயத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட அரசுத் துறைகளுக்குத் தலைமை வகித்தவர். தன் அலுவலக ஊழியர்களுக்கே தியானம் சொல்லிக் கொடுத்து, 1952இல் ரங்கூனில் ஒரு தியான மையத்தையும் தொடங்கினார். துறவி அல்ல, குடும்பஸ்தர். பட்ஜெட்டும் தணிக்கையும் பார்த்த கையால் வகுத்த பாடத்திட்டம் என்றால் அதில் காற்றாகப் பேச்சு குறைவாக இருக்கும் என்று கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கு பெரும்பாலும் சரியாகவே இருந்தது.

பத்து நாள் என்று சொன்னாலும் காலண்டரில் பன்னிரண்டு நாள் போய்விடும். முந்தைய நாள் பிற்பகலே பதிவு செய்ய வேண்டும். பதினோராம் நாள் காலைதான் விடுவார்கள். நான் ஜனவரி 21ஆம் தேதி உள்ளே போனேன். 3பி முடிந்த மறுநாள். தமிழ்நாட்டில் இந்த மரபின் மையங்கள் ஒன்றுக்கு மேல் இருக்கின்றன. நான் போன மையத்தின் பெயரை வேண்டுமென்றே விட்டுவிடுகிறேன், குறையும் சொல்லப் போகிறேன் என்பதால். பாடத்திட்டம் எல்லா மையங்களிலும் ஒன்றுதான். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தங்குமிடம், சாப்பாட்டுக் கூடம், நடைபாதை எல்லாம் தனித்தனி. தியானக் கூடம் மட்டும் பொது. அதிலும் ஒரு பக்கம் அவர்கள், ஒரு பக்கம் நாங்கள்.

விண்ணப்பப் படிவத்தில் மனநோய் இருந்ததா, என்ன மருந்து எடுக்கிறீர்கள் என்று விவரமாகக் கேட்கிறார்கள். உண்மையைத்தான் எழுத வேண்டும். இதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். கைப்பேசி, புத்தகம், பேனா, நோட்டு எல்லாவற்றையும் வாங்கிப் பூட்டிவைக்கிறார்கள். கைப்பேசியைக் கொடுத்தது எனக்கு வலிக்கவில்லை. பேனாவைக் கொடுத்ததுதான் என்னவோ செய்தது. ஜபமாலை, பூஜை, தாயத்து, வேறு எந்த வழிபாடும் அந்தப் பத்து நாளுக்குக் கூடாது. எனக்கு முன்னால் வரிசையில் நின்ற பெரியம்மா ஒருவர், கந்தசஷ்டிக் கவசத்தை மனத்துக்குள் சொன்னால் யாருக்குத் தெரியப் போகிறது என்று சேவகியிடம் கேட்டார். "உங்களுக்குத் தெரியும் அம்மா" என்றாள் அந்தப் பெண். சரியான பதில்.

பதிவு செய்த அன்று மாலையே பஞ்சசீலம் எடுத்துக்கொள்ள வேண்டும்: கொல்லாமை, திருடாமை, பாலுறவு தவிர்த்தல், பொய் சொல்லாமை, போதைப் பொருள் தொடாமை. அப்போதிலிருந்து பத்தாம் நாள் காலை வரை மௌனம். பேச்சு மட்டுமல்ல, சைகை, கண்ஜாடைகூட இல்லை. இதைக் கேட்டதும் எல்லாரும் அடேயப்பா என்கிறார்கள். உண்மையில் முகாமில் மிக எளிதான பகுதி இதுதான். யாரையும் நலம் விசாரிக்க வேண்டாம், யாருக்கும் சிரிக்க வேண்டாம். என் அறையில் இன்னொருவரும் இருந்தார். ஊர் எது, பெயர் என்ன, என்ன வேலை எதுவும் தெரியாது. ஆனால் அவர் எழுந்து போர்வையை மடிக்கிற விதம், செருப்பைச் சத்தமில்லாமல் கழற்றுகிற விதம் எல்லாம் மூன்று நாளில் மனப்பாடம். நல்ல மனுஷி என்று எனக்குள்ளேயே முடிவு கட்டிக்கொண்டேன். ஆறாம் நாள் இரவு குறட்டை விட்டபோது அந்த முடிவையும் மாற்றிக்கொண்டேன்.

காலை நான்கு மணிக்கு மணி அடிப்பார்கள். நாலரையிலிருந்து ஆறரை வரை தியானம். பிறகு காலை உணவு. எட்டிலிருந்து பதினொன்று வரை தியானம், பதினொன்றுக்குச் சாப்பாடு, கொஞ்சம் ஓய்வு, ஒரு மணியிலிருந்து ஐந்து வரை மறுபடியும் தியானம். ஐந்து மணிக்கு டீ. ஆறிலிருந்து ஏழு வரை ஒரு மணி நேரம், அதன்பின் சொற்பொழிவு, அதன்பின் இன்னும் கொஞ்சம் உட்கார்தல், ஒன்பதரைக்கு விளக்கணைப்பு. கூட்டினால் ஒரு நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் கண்ணை மூடிக்கொண்டு உட்கார வேண்டும். சில வேளைகளில் அறையிலேயே உட்காரலாம் என்று அனுமதி உண்டு. அதை யாரும் நம்பாதீர்கள். அறையில் உட்கார்ந்தால் ஐந்து நிமிடத்தில் படுத்துவிடுவோம்.

சாப்பாட்டில் குறை சொல்ல முடியாது. காலையில் பொங்கலோ உப்புமாவோ; மதியம் சோறு, சாம்பார், ஒரு கூட்டு, மோர். எண்ணெயும் காரமும் குறைவு. தட்டை நாமே கழுவ வேண்டும். மாலை ஐந்து மணிக்குப் பொரியும் ஒரு வாழைப்பழமும், அதோடு நாள் கணக்கு முடிந்தது. இரவுச் சாப்பாடு கிடையாது. முகாமை முன்பே முடித்தவர்களுக்கு அந்தப் பொரியும் இல்லை, எலுமிச்சைச் சாறு மட்டும். முதல் இரண்டு இரவுகள் பசித்தது. பிறகு பசிக்கவில்லை, ஆனால் பொரியின் மீது எனக்கு ஏற்பட்ட பற்று கவலை தரும் அளவுக்குப் போய்விட்டது. நாலரை மணியிலிருந்தே தியானக் கூடத்தில் பொரி வாசனை வருவதாக மூக்கு பொய் சொல்லும்.

குறைகள் தங்குமிடத்தில்தான். வெந்நீர் சிலருக்கு வந்தது, பலருக்கு வரவில்லை. தையில் விடியற்காலை நான்கே கால் மணிக்குப் பச்சைத் தண்ணீரில் குளிப்பதை ஆன்மிகப் பயிற்சி என்று நான் ஏற்கவில்லை. கழிவறைக் கதவு ஒன்று தாழிட வராது. மௌனம் காக்கிற இடத்தில் உள்ளே ஆள் இருப்பதை எப்படித் தெரிவிப்பது என்று எவரும் யோசிக்கவில்லை. இருமித்தான் சமாளித்தோம். கூடத்தில் முதுகுக்குச் சாய்வு கேட்டால் கொடுக்கிறார்கள், நாற்காலியும் உண்டு, ஆனால் கேட்டால்தான். ஐம்பதை நெருங்குகிறவர்கள் வீரம் காட்டாமல் முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். முதல் மூன்று நாளும் ஒரே வேலை: மூச்சைப் பார்ப்பது. பிராணாயாமம் அல்ல, மூச்சை இழுத்துப் பிடிக்கவோ எண்ணவோ கூடாது. மந்திரம் இல்லை, உருவம் இல்லை. தானாக வருகிற மூச்சு தானாகப் போவதைப் பார்க்க வேண்டும். இதற்கு ஆனாபானா என்று பெயர். நாள் செல்லச் செல்லப் பார்க்கிற இடத்தைச் சுருக்குகிறார்கள். முதலில் மூக்கு முழுவதும். கடைசியில் மூக்குத் துவாரத்துக்குக் கீழே, மேலுதட்டுக்கு மேலே இருக்கிற ஒரு விரல் அகலம். அந்த ஒரு விரல் இடத்தில் என்ன நடக்கிறது என்பதைத்தான் ஒரு முழு நாள் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

நான் முதல் நாள் பார்த்தது ஒன்றுமில்லை. இரண்டாம் நாள் ஒரு வாடிக்கையாளரின் மூன்று வருட உள்ளீட்டு வரி வரவை மனத்துக்குள் முழுமையாகச் சரிபார்த்து முடித்தேன். மூன்றாம் நாள் மதியம் ஏதோ ஒரு நேரத்தில், உள்ளே போகிற மூச்சு வலது துவாரத்தின் ஓரத்தில் குளிர்ச்சியாகவும், வெளியே வருகிறது மேலுதட்டின் நடுவில் இளஞ்சூடாகவும் படுவது தெரிந்தது. இடது துவாரத்தில் அப்போது காற்றே இல்லை. சிறிது நேரம் கழித்து இடதும் திறந்தது. நாற்பத்தெட்டு வருடம் இந்த மூக்கோடு வாழ்ந்திருக்கிறேன், இது தெரியாது. பெரிய ஞானம் ஒன்றுமில்லை. ஆனால் பார்த்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில் உள்ளீட்டு வரி வரவு வரவில்லை.

நான்காம் நாள்தான் விபாசனாவையே கற்றுக்கொடுக்கிறார்கள். உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை உடம்பின் ஒவ்வொரு பகுதியாகக் கவனத்தை நகர்த்தி, அங்கே என்ன உணர்ச்சி இருக்கிறதோ அதைப் பார்ப்பது. சூடு, குத்தல், அரிப்பு, துடிப்பு, வியர்வை, ஆடை உரசுவது, எதுவானாலும் சரி. பிடித்தது என்று தேடக்கூடாது, பிடிக்கவில்லை என்று தள்ளக்கூடாது. வருகிறது, இருக்கிறது, போகிறது. புத்தரின் மகாசதிபட்டான சுத்தா என்ற பேருரையில் உடல், உணர்ச்சி, மனம், தம்மம் (மனத்தில் எழுகிறவை) என்று நான்கு வகைக் கவனம் சொல்லப்படுகிறது; இவர்கள் அதில் இரண்டாவதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறார்கள். இதே பர்மாவில் மகாசி சயாடோ என்ற பிக்கு, வயிறு எழுந்து தணிவதைப் பார்க்கச் சொல்லி வேறொரு முறையைப் பரப்பினார். ஆக, இது ஒன்றே வழி என்று எவராவது சொன்னால் நான் தலையாட்ட மாட்டேன். ஆனால் எனக்கு உடம்பைப் பார்க்கிற முறை ஒத்துவந்தது. மனத்தைப் பார் என்றால் எங்கே பார்ப்பது என்று தெரியாது. முழங்காலைப் பார் என்றால் முழங்கால் இருக்கிறது.

அன்றிலிருந்து நாளுக்கு மூன்று வேளை அதிட்டானம். ஒரு மணி நேரம் கண்ணைத் திறக்காமல், கையைப் பிரிக்காமல், காலை மாற்றாமல் உட்கார வேண்டும். இங்கேதான் கொசு வந்தது. கொசுவலை நெய்கிற ஊரிலிருந்து போனவளை, கொல்லாமை விரதம் எடுத்த கையில், அசையக்கூடாத ஒரு மணி நேரத்தில் அது கடித்தது. இடது மணிக்கட்டுக்கு மேலே. முதலில் கால் வைத்த கூச்சம். பிறகு ஊசி. பிறகு சின்ன வட்டமாக ஒரு சூடு, அதன் நடுவில் அரிப்பு. அரிப்பு என்று நான் இதுவரை ஒரே பொருளாக நினைத்துவந்தது, நிதானமாகப் பார்த்தால் ஒரே பொருள் அல்ல. ஏறுகிறது, நிற்கிறது, விட்டுவிட்டுத் துடிக்கிறது, சொறிந்தே ஆக வேண்டும் என்று ஒரு அவசரம் கழுத்தில் ஏறுகிறது. அந்த அவசரம் வேறு, அரிப்பு வேறு என்பது அப்போதுதான் பிரிந்து தெரிந்தது. சொறியவில்லை. சிறிது நேரத்தில் அவசரம் போய்விட்டது, அரிப்பு பாக்கி இருந்தது. பிறகு அதுவும் போய்விட்டது. இந்த முகாமில் எனக்குக் கிடைத்த முழுப் பாடமும் அந்த மணிக்கட்டு அளவுதான்.

முழங்கால் வலி அப்படி மரியாதையாகப் போகவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஏழாம் நாள் வரை ஒவ்வொரு அதிட்டானத்தின் கடைசிக் கால் மணி நேரத்திலும் உலகத்தில் என் வலது முழங்காலைத் தவிர எதுவும் இல்லை. ஆசிரியையிடம் சந்தேகம் கேட்க மௌனம் தடையில்லை என்பதால், மதிய ஓய்வில் உதவி ஆசிரியையைப் பார்த்துக் கேட்டேன். "வலியைப் போக்கவா வந்தீர்கள், பார்க்கவா?" என்றார். எனக்குக் கோபம் வந்தது. அவருடைய பெரும்பாலான பதில்கள் இப்படி இரண்டு வரிதான். கூடப் பேச நேரமும் இல்லை, வரிசையில் ஆட்கள். நேர்முகமாகக் கற்பிக்கிற ஆசிரியரை எதிர்பார்த்துப் போகிறவர்கள் ஏமாறுவார்கள். பாடம் நடத்துவது ஒலிப்பதிவுதான்.

அந்தக் குரல் சத்ய நாராயண் கோயங்காவுடையது. 1924இல் மாண்டலேயில் பிறந்த மார்வாடி வணிகர். ஒற்றைத் தலைவலிக்கு மார்ஃபின் ஊசி போட்டுக்கொள்ளும் நிலைக்குப் போய், பல நாட்டு மருத்துவர்களைப் பார்த்துவிட்டு, 1955இல் ஊ பா கின்னிடம் வந்து சேர்ந்தவர். தலைவலிக்காக மட்டும் வந்தால் சேர்க்க மாட்டேன் என்று அவர் முதலில் திருப்பி அனுப்பிய கதையைக் கோயங்காவே சொற்பொழிவில் சொல்கிறார். பதினான்கு ஆண்டு அவரிடம் இருந்துவிட்டு 1969இல் இந்தியா வந்து, மும்பையில் ஒரு தர்மசாலையில் முதல் முகாமை நடத்தினார். மகாராஷ்டிரத்தில் இகத்புரி மையம் 1976இல் வந்தது. 1994இல் கிரண் பேடி பொறுப்பிலிருந்த திகார் சிறையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகளுக்கு ஒரே முகாம் நடந்தது. கோயங்கா 2013இல் காலமாகிவிட்டார், ஒலிப்பதிவுகள் தொடர்கின்றன. பாலி மொழியிலும் இந்தியிலும் அவர் பாடுகிற பகுதிகள் முதல் நாள் எனக்கு எரிச்சலாக இருந்தன, இழுத்து இழுத்து. நான்காம் நாளுக்குப் பிறகு அந்தப் பாட்டு தொடங்கினால் இன்னும் சில நிமிடத்தில் காலை நீட்டலாம் என்று பொருள் என்பதால், அதைவிட இனிமையான சங்கீதம் இல்லை என்றாகிவிட்டது.

சொற்பொழிவுகள் தமிழில் கேட்கக் கிடைக்கின்றன. மூலப் பேச்சில் இருக்கிற நகைச்சுவை தமிழில் ஓரளவுதான் தங்கியிருக்கிறது, ஆனாலும் நாள் முழுவதும் மனிதக் குரலுக்கு ஏங்கிய காதுக்கு அது போதும். கதை சொல்லத் தெரிந்தவர். அதேநேரம், இதில் மதமில்லை, சடங்கில்லை, யாரும் எந்த மதத்திலிருந்தும் வரலாம் என்று திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டு, கூடவே மறுபிறவி, சங்காரா என்கிற வினைப்பதிவு என்று போகும்போது என் தணிக்கை மூளை விழித்துக்கொள்ளும். ஏற்காததை ஒதுக்கிவைத்துவிட்டுப் பயிற்சியை மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்று அவரே சொல்வதால் அந்தக் குறிப்பை மூடினேன்.

இன்னொன்றை மூடவில்லை. இந்தியாவில் இந்தப் பயிற்சி நெடுங்காலத்துக்கு முன்பே மறைந்துவிட்டது, பர்மா காப்பாற்றித் திருப்பிக் கொடுத்தது என்பது சொற்பொழிவில் வருகிற வரலாறு. நான் பிறந்த ஊர் நாகப்பட்டினம். கடல் கடந்த ஸ்ரீவிஜய நாட்டு அரசன் அங்கே எழுப்பிய சூளாமணி விகாரம் என்ற பௌத்த மடத்துக்கு, ராஜராஜ சோழன் ஆனைமங்கலம் என்ற கிராமத்தை நிவந்தமாகக் கொடுத்தான். அங்கே மண்ணுக்குள்ளிருந்து எடுத்த நூற்றுக்கணக்கான புத்தர் செப்புத் திருமேனிகளில் பலவற்றை இன்றும் எழும்பூர் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். அயோத்திதாசர் 1898இல் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கியபோது, பௌத்தம் வெளியிலிருந்து வருகிறது என்று அவர் நினைக்கவில்லை. இங்கிருந்து பறிபோனது என்றுதான் நினைத்தார். தியான முறை பர்மாவில் தங்கியது என்பது உண்மையாகவே இருக்கட்டும். தமிழ்ப் பதிப்பைக் கேட்கிற தமிழருக்கு இந்தப் பக்கத்தையும் ஒரு வரி சொல்லியிருக்கலாம். சிறு வயதில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்குப் புத்தர் என்றால் ஏழாம் வகுப்புப் பாடம், அவ்வளவுதான்.

பயிற்சி எல்லாருக்கும் ஏற்றதா? இல்லை. எங்கள் பக்கத்தில் இரண்டு பெண்கள் நடுவிலேயே கிளம்பிவிட்டார்கள். இன்னொரு இளம்பெண் ஐந்தாம் நாளிலிருந்து கூடத்தில் அடக்க முடியாமல் அழுதுகொண்டிருந்தாள். அழுகை இங்கே சாதாரணம் என்கிறார்கள். பலருக்கு அது நல்லதாகவும் முடிகிறது. ஆனால் எனக்கு அவளைப் பார்க்கக் கவலையாக இருந்தது. சேவகி அவளை நடக்க அழைத்துப் போனாள், ஆசிரியை தனியாகப் பார்த்தார், நல்லதுதான். இருந்தாலும் அவர்கள் யாரும் மனநல மருத்துவர்கள் அல்ல. மனஅழுத்த நோய்க்கு மருந்து எடுப்பவர்கள், அண்மையில் நெருங்கியவரை இழந்தவர்கள், பழைய கொடுமை எதையாவது உள்ளே சுமப்பவர்கள், வெளியுலகத் தொடர்பே இல்லாமல் பத்து நாள் தன்னோடு தனியாக அடைபடுவதற்கு முன் தங்கள் மருத்துவரிடம் பேசியே ஆக வேண்டும். படிவத்தில் கேட்கிற கேள்விகள் சடங்குக்காக அல்ல. இடம் கிடைக்க வேண்டுமே என்று மறைத்து எழுதுவது கடன் வாங்குவதற்காக வருமானத்தை ஏற்றிக் காட்டுவதைவிட ஆபத்து.

அப்படிப்பட்டவர்களுக்கும், பத்து நாள் விடுப்பே கிடைக்காதவர்களுக்கும் வேறு வழி உண்டு. 1979இல் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் ஜான் கபாட்-ஜின் தொடங்கிய எட்டு வாரப் பயிற்சி, வாரத்துக்கு ஒரு வகுப்பும் வீட்டுப் பாடமுமாக நடப்பது. அதிலிருந்து கிளைத்த ஒரு முறையை, மனஅழுத்த நோய் திரும்பத் திரும்ப வருகிறவர்களுக்காகப் பிரிட்டனின் அரசு மருத்துவ வழிகாட்டுதல்களே பரிந்துரைக்கின்றன. புத்தர் பெயர் அதில் முன்னால் நிற்காது. புத்தரின் எண்வழிப் பாதையில், இந்தப் பயிற்சிகள் கற்றுத்தரும் நற்கவனம் ஏழாவது படி; அதற்கு முன்னால் நற்சொல், நற்செயல், நல்வாழ்க்கைத் தொழில் எல்லாம் இருக்கின்றன. ஏழாவதை மட்டும் கத்தரித்து எடுத்து அலுவலகங்களில் விற்பதில் எனக்கு ஒரு நெருடல் உண்டு. ஊழியரைப் பன்னிரண்டு மணி நேரம் வேலை வாங்கிவிட்டு, வெள்ளிக்கிழமை மாலை மூச்சைக் கவனிக்கச் சொல்கிற நிறுவனங்களின் சம்பளப் பட்டியலை நானும் பார்க்கிறவள்தானே. முகாமில் பஞ்சசீலம்தான் வாசற்படி. பொய் சொல்லிக்கொண்டே மனத்தை அடக்க முடியாது என்பது அவர்கள் வாதம். பொய்க் கணக்கு எழுதச் சொல்லி நிற்கும் வாடிக்கையாளர் எதிரில் அது எனக்கு எவ்வளவு பொருந்தும் என்று எட்டாம் நாள் ஒரு முழு மணி நேரம் யோசித்தேன், யோசிக்கக்கூடாது என்பதையும் மறந்து.

பத்தாம் நாள் காலை மைத்ரீ தியானம், அதாவது எல்லா உயிருக்கும் நன்மை நினைப்பது. அதோடு மௌனம் முடிகிறது. முடிந்ததும் எழுந்த சத்தத்தைக் கேட்டிருக்க வேண்டும். அறைத் தோழி என்னிடம் பேசிய முதல் வாக்கியம், "அக்கா, என் குறட்டை உங்களுக்குத் தொந்தரவாக இருந்ததா?" எடுத்த விரதத்தை மதித்து ஆமாம் என்றேன். திண்டிவனத்துப் பக்கம் செவிலியராக இருக்கிறாராம். இரவுப் பணியால் நிம்மதியாகத் தூங்கிப் பல மாதம் ஆகிவிட்டது என்றார்.

அன்றுதான் நன்கொடை வாங்குகிறார்கள். தங்கவும் உண்ணவும் கற்கவும் கட்டணம் எதுவும் கிடையாது. முகாமை ஒரு முறையாவது முடித்தவர்களிடம் மட்டும் வாங்குவது விதி. இவ்வளவு கொடு என்று யாரும் சொல்வதில்லை. நம் செலவை முன்னால் வந்துபோன யாரோ கொடுத்துவிட்டார்கள், நாம் கொடுப்பது பின்னால் வரப்போகிறவர்களுக்கு. ஆசிரியர்களுக்கும் சேவகர்களுக்கும் சம்பளம் இல்லை. தொழில் புத்தியில் மேசையருகே நின்று கவனித்தேன். வாங்கினார்கள், ரசீது எழுதினார்கள், அடுத்தவர். அதிகம் கொடுத்தவருக்குத் தனிச் சிரிப்பு இல்லை. சந்தாவைக் கேட்காமல் எடுக்கிற உலகத்தில் இது எனக்கு மிகப் பிடித்துப்போனது.

வெளியே வந்த நாள் பிப்ரவரி 1. மத்திய பட்ஜெட் நாள். பஸ்ஸில் ஏறிக் கைப்பேசியை இயக்கியதும் அது நின்ற இடத்தில் நில்லாமல் அதிர்ந்தது. பதினொன்றரை மணிக்கு முதல் வாடிக்கையாளர், ஏற்றுமதிக்காரர், எடுத்த எடுப்பிலேயே கத்தினார்: பன்னிரண்டு நாள் போனை அணைத்துவைக்க நீங்கள் என்ன மந்திரியா? காது மடலில் சூடு ஏறியது. கழுத்தில் அந்தப் பழைய அவசரம். கொசு கடித்தபோது பார்த்த அதே ஆள்தான், அடையாளம் தெரிந்தது. "சொல்லுங்கள் சார், என்ன நோட்டீஸ்?" என்றேன். மூன்று விநாடி தாமதமாகச் சொன்னேன் என்று நினைக்கிறேன். அவர் குரல் இறங்கிவிட்டது. ஒவ்வொரு முறையும் இப்படி நடக்கிறது என்று சொன்னால் அது பொய். போன மாதம் பத்தொன்பதாம் தேதி இரவு என் கீழ் வேலை செய்கிற தம்பியிடம் நான் பேசிய பேச்சில் விபாசனாவின் வாடைகூட இல்லை.

வீட்டுக்குப் போனபின் காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் உட்கார வேண்டும் என்கிறார்கள். குடும்பம் நடத்துகிற பெண்ணுக்கு இது எழுதிய திட்டமாகத் தெரியவில்லை. நான் காலையில் முக்கால் மணி நேரம் உட்காருகிறேன், ஐந்து மணிக்கு, பால்காரர் வருவதற்கு முன். மாலையைக் கைவிட்டுவிட்டேன். இரத்த அழுத்தம் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. மாத்திரை தொடர்கிறது, நிறுத்தும்படி மருத்துவர் சொல்லவில்லை, நீங்களும் நிறுத்தாதீர்கள்.

போவதாக இருந்தால் சில வார்த்தை. இடங்கள் சீக்கிரம் நிரம்பிவிடும், விண்ணப்பத்தை இரண்டு மூன்று மாதத்துக்கு முன்பே போடுங்கள். தொளதொளவென்று பருத்தி உடை, சால்வை, டார்ச் விளக்கு, மணி அடிக்கிற சின்னக் கடிகாரம் எடுத்துப் போங்கள். கைப்பேசி இல்லாமல் மணி பார்க்க வழியில்லை. அறைக்குக் கொசுவலை கேட்டு வாங்குங்கள், நல்ல வலையாக இருந்தால் எங்கள் ஊர் வலையாக இருக்கும். இரண்டாம் நாளும் ஆறாம் நாளும் ஓடிவிடத் தோன்றும் என்று அவர்களே முன்கூட்டி எச்சரிக்கிறார்கள். எனக்கு ஆறாம் நாள் தோன்றவில்லை, ஒன்பதாம் நாள்தான் தோன்றியது, பொரி தீர்ந்துபோய் வேறு எதையோ வைத்தபோது. வரி ஆலோசகர்களும் தணிக்கையாளர்களும் ஜனவரி 21ஐப் பிடியுங்கள். செப்டம்பரிலும் மார்ச்சிலும் போனால் உட்கார்ந்த இடத்தில் படிவம்தான் நிரப்புவீர்கள்.